ரிஷியூர் வீட்டு டீச்சர்

அந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் இளம் விதவை இருந்தார். பெயர் வாலாம்பாள். வீட்டுத் தலைவி விசாலாட்சியின் தங்கை. சிறு வயதிலேயே கணவனை இழந்து அக்காள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தவர். குழந்தைகளுக்கு அவர் சித்தி. பின்னாளில் ஐஸ் ஹவுஸ் என்ற கட்டிடத்தில் தங்கிப் படித்த பெண்களுக்கும் அவர் சித்திதான்.

அக்காள் கணவர் ஆர்.வி. சுப்பிரமணிய ஐயர், தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்டவர். சென்னையில் அரசாங்க உத்தியோகம். அவருடைய மூத்த மகள் சுப்புலட்சுமி 1886 ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். ஒன்பது வயதில் நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி, செங்கல்பட்டு வட்டாரத்தில் நான்காவதாகத் தேறினார். கெட்டிக்காரப் பெண் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் வழக்கத்தை யாரும் மீறவில்லை. பதினோரு வயதில் கல்யாணம் நடந்தது. சிறிது காலத்திலேயே மாப்பிள்ளை இறந்துபோனார் என்று செய்தி வந்தது.

ஒரே கூரையின் கீழ் இப்போது இரண்டு விதவைகள். ஒருவர் சித்தி, மற்றவர் சிறுமி.

அடுத்து என்ன நடக்கும் என்பது அன்றைய ஆசாரமான பிராமணக் குடும்பங்களில் எல்லாருக்கும் தெரியும். பெண் வளர்ந்ததும் தலையை மழிப்பார்கள். நார்மடிப் புடவை வரும். ஒரு வேளைச் சாப்பாடு, ஏகாதசிப் பட்டினி, கல்யாண வீட்டில் கண்ணில் படாமல் பின்கட்டில் ஒதுங்கியிருப்பது, பிறகு ஆயுள் முழுக்க யாரோ ஒருவர் வீட்டு அடுக்களை. சுப்பிரமணிய ஐயரும் விசாலாட்சியும் தங்கள் மகளுக்கு அதைச் செய்யவில்லை. தலையை மழிக்க மறுத்தார்கள். படிக்க வைத்தார்கள். சுப்புலட்சுமியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர் கட்டிய நிறுவனங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அந்த நிறுவனங்களுக்கெல்லாம் வேர், கணவனை இழந்த சிறுமியின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்காத இந்த வீடுதான்.

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைப் பக்கத்து உதாரணங்களோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்து விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1856லேயே வந்துவிட்டது. ராஜமகேந்திரவரத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் 1881ல் விதவை மறுமணம் நடத்திவைத்தார். ‘தி இந்து’, ‘சுதேசமித்திரன்’ இதழ்களைத் தொடங்கிய ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவையான தம் மகளுக்கு 1889ல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சாதிக்காரர்கள் அவரை ஒதுக்கிவைத்தார்கள். அ. மாதவையா ஓர் இளம் விதவையை நாயகியாக வைத்து எழுதிய ‘முத்துமீனாட்சி’ 1903ல் நூலாக வந்தது. சட்டம் இருந்தது, எழுத்து இருந்தது, முன்னோடிகள் இருந்தார்கள். தெருவும் உறவும் மட்டும் மாறவில்லை.

ரிஷியூர் குடும்பம் மறுமணத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. படிப்பைத் தேர்ந்தெடுத்தது. வீட்டில் தொடர்ந்த படிப்பு, பிறகு எழும்பூர் வாசத்தின்போது பிரசென்டேஷன் கான்வென்ட்டுக்குப் போயிற்று.

பிரசென்டேஷன் சபை அயர்லாந்தின் கார்க் நகரில் நானோ நேகிள் தொடங்கிய துறவியர் சபை. அதன் கன்னியாஸ்திரீகள் 1842ல் சென்னைக்கு வந்தார்கள். அந்தப் பள்ளியில் சுப்புலட்சுமி கண்டது பாடங்களை மட்டுமல்ல. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, நகை இல்லை. ஆனாலும் அந்தப் பெண்களை யாரும் துக்கக் குறியாகப் பார்க்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை அவர்களுக்கு வேலை இருந்தது, வேலைக்கு மரியாதை இருந்தது. கணவன் இல்லாத பெண்ணுக்கும் முழுமையான வாழ்க்கை உண்டு என்பதை அவர் முதன்முதலில் நேரில் பார்த்த இடம் அது. அவர் மதம் மாறவில்லை. கடைசிவரை பக்தியுள்ள இந்துவாகவே இருந்தார். ஆனால் அந்தத் துறவியரின் வாழ்க்கை முறை அவருக்குள் இறங்கிவிட்டது. பின்னாளில் ஊரே அவரை ‘சிஸ்டர்’ என்று அழைத்தது.

1911ல் மாநிலக் கல்லூரியிலிருந்து பி.ஏ. பட்டம். சென்னை ராஜதானியில் முதல் வகுப்பில் தேறிய முதல் இந்துப் பெண் என்று அவர் பெயர் பரவியது. அந்த ஆண்டுக் குடிக்கணக்கின்படி ராஜதானியில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டினார்கள். ஒரு பட்டதாரிப் பெண், அதுவும் வெள்ளைப் புடவை கட்டிய விதவை, கல்லூரிக்குப் போய் வருவதைத் தெரு எப்படிப் பார்த்திருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

வேலை வாங்கிக்கொண்டு தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள அந்தப் பட்டம் போதும். அவர் அதோடு நிற்கவில்லை.

அப்போது பள்ளிகளின் மேற்பார்வை அதிகாரியாக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற பெண்மணியும் அவரும் ஒரே சிக்கலை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பள்ளிக்கு வரவேண்டுமானால் பெண் ஆசிரியர் வேண்டும். பெண் ஆசிரியர் கிடைக்கவேண்டுமானால் படித்த பெண் வேண்டும். படித்த பெண் உருவாகவேண்டுமானால் பெண்கள் பள்ளி வேண்டும். கல்வித் துறை இந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பூப்படைவதற்கு முன்பே பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிடும், பூப்படைந்ததும் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். பயிற்சி பெற்ற ஆசிரியைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவப் பெண்கள். ஆசாரமான இந்துக் குடும்பங்கள் அவர்களிடம் பெண்ணை அனுப்பத் தயங்கின. அப்படியானால் இந்துப் பெண்களில் படிக்கவும், பயிற்சி பெறவும், வெளியூர் போய் வேலை பார்க்கவும் நேரம் உள்ளவர் யார்?

விதவைகள். வீடுகளின் பின்கட்டில் யாருக்கும் வேண்டாதவர்களாக உட்கார்ந்திருந்த சிறுமிகள்.

அரசுக்கு ஆசிரியைகள் வேண்டும், சுப்புலட்சுமிக்கு அந்தச் சிறுமிகளை மீட்கவேண்டும். இரண்டு தேவையும் ஒரு இடத்தில் சந்தித்தன. எழும்பூரில் சுப்பிரமணிய ஐயரின் வீட்டிலேயே நான்கு இளம் விதவைகளோடு இல்லம் தொடங்கியது. மகளின் பள்ளிக்காகத் தகப்பனார் தம் வீட்டைத் திறந்துவிட்டார். சித்தி வாலாம்பாள் அந்தப் பெண்களுக்குத் தாயானார். வெளியுலகத்துக்குச் சுப்புலட்சுமி முகம் என்றால், உள்ளே சமையலும் உடம்புக்கு முடியாத குழந்தையும் அழுகிற குழந்தையும் சித்தியின் பொறுப்பு. தாமே அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர் என்பதால், புதிதாக வந்து நிற்கும் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1912ல் சாரதா லேடீஸ் யூனியன் என்ற பெண்கள் சங்கமும் எழுந்தது. இல்லத்துக்குப் பின்பலமாக நின்ற அமைப்பு அது.

பெண்கள் கூடக்கூட வீடு போதவில்லை. பெரிய இடம் தேடியபோது கண்ணில் பட்டது கடற்கரையில் நின்ற ஐஸ் ஹவுஸ்.

அந்தக் கட்டிடத்துக்கு ஏற்கெனவே ஒரு நீண்ட கதை உண்டு. அமெரிக்க வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் நியூ இங்கிலாந்தின் ஏரிகளிலிருந்து வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ல் கட்டியது. உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யக் கற்றபின் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக்கினார். சிக்காகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கேதான் தங்கினார். அவருடைய சகதுறவி ராமகிருஷ்ணானந்தர் சில ஆண்டுகள் அங்கே மடம் நடத்தினார். வட்டச் சுவரும் கடல் காற்றுமாக நின்ற அந்தப் பெரிய கட்டிடத்துக்கு இளம் விதவைகள் குடிவந்தார்கள். ஊருக்குள் எந்தத் தெருவும் எளிதில் இடம் கொடுக்காதவர்களுக்குக் கடல் பார்த்த ஒரு மாளிகை வாய்த்தது. அதே கடற்கரைச் சாலையில் 1914ல் டோரதி டி லா ஹே அம்மையார் தலைமையில் பெண்கள் கல்லூரி தொடங்கியது. 1917ல் அதற்கு ராணி மேரி கல்லூரி என்று பெயர் வந்தது. ஐஸ் ஹவுஸில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்ணுக்கு அடுத்த படி கூப்பிடு தூரத்தில் இருந்தது.

பெற்றோரின் நம்பிக்கையைச் சம்பாதிப்பதுதான் கடினமான வேலை. மடி, ஆசாரம், பூஜை, சாப்பாட்டு முறை எல்லாவற்றையும் இல்லத்தில் கறாராகக் காப்பாற்றினார் சுப்புலட்சுமி. பெண்ணை அனுப்பிய தகப்பனார் ஊரில் தலைகுனியக் கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. அதே கணக்குக்கு ஒரு விலையும் இருந்தது. இல்லத்தில் பிராமண விதவைகளுக்கு மட்டுமே இடம். அரசுப் பணத்தில் ஒரு சாதிக்கு மட்டும் விடுதியா என்ற கேள்வி அன்றே எழுந்தது. அது நியாயமான கேள்வி.

இன்னொரு பெண்மணியின் வாழ்க்கையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சுப்புலட்சுமி பிறந்த அதே 1886ல், மூன்று வாரங்களுக்கு முன்னால், புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தகப்பனார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறைக்காரர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். சுப்புலட்சுமி பட்டம் பெற்றதற்கு அடுத்த ஆண்டு முத்துலட்சுமி மருத்துவப் பட்டம் பெற்றார். 1930வாக்கில் அவர் தொடங்கிய ஔவை இல்லம் எல்லாச் சாதிப் பெண்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. ஒரே நகரம், ஒரே வயது, பெண்களை மீட்கும் ஒரே நோக்கம். ஆனால் பிறந்த வீடு எதுவோ அதற்கேற்ப இருவரின் கதவுகளும் வேறு வேறு அகலத்தில் திறந்தன. சுப்புலட்சுமியின் சாதனையைச் சொல்லும்போது இந்த எல்லையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1920ல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் அளித்தது. 1922ல், வில்லிங்டன் பிரபு கவர்னராக இருந்தபோது, லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி ஐஸ் ஹவுஸ் பக்கத்திலேயே தொடங்கியது. சுப்புலட்சுமி அதன் முதல் முதல்வர். கூடவே பயிற்சி மாணவிகள் பாடம் நடத்திப் பழக ஒரு மாதிரிப் பள்ளி. ஆசிரியை என்ற நிலையிலிருந்து ஆசிரியைகளை உருவாக்குகிறவர் என்ற நிலைக்கு அவர் வந்த கட்டம் இது. எழும்பூர் வீட்டில் தொடங்கிய கணக்கு இங்கே பெருகியது. ஒரு பெண் படித்தால் ஒரு பெண். அவள் பயிற்சி பெற்று ஒரு ஜில்லாப் பள்ளிக்குப் போனால், அங்கே ஆண்டுக்கு ஒரு வகுப்பு முழுக்கப் பெண்கள். வீட்டுக்குப் பாரம் என்று ஒதுக்கப்பட்டவள், மாதச் சம்பளம் வாங்கி மணியார்டர் அனுப்புகிறவளாக மாறினாள்.

அரசு ஊழியர் என்பதால் அவருக்கு வாய்ப்பூட்டு இருந்தது. 1917ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவர் உறுப்பினராகச் சேர முடியவில்லை. ஆனால் குழந்தை மணத்தைப் பற்றி விசாரிக்க மொரோபந்த் ஜோஷி தலைமையில் குழு அமைந்தபோது, அதன் முன் சாட்சியம் சொன்னவர்களில் அவரும் ஒருவர். பதினோரு வயதில் தனக்கு நேர்ந்ததைப் புள்ளிவிவரமாகப் படிக்கவேண்டிய தேவை இல்லாத சாட்சி. ஹர்பிலாஸ் சாரதா கொண்டுவந்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929ல் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணின் மண வயது 14 என்று ஆயிற்று. அந்த வயதைக்கூட மீறி ஊர்களில் கல்யாணங்கள் நடந்தன. பள்ளியில் இருக்கும் பெண்ணைக் கல்யாணத்துக்கு இழுப்பது கடினம் என்பதை அறிந்தவர் சுப்புலட்சுமி. சட்டத்தை வரவேற்றதோடு, பள்ளிகளையும் கட்டிக்கொண்டே போனார்.

சாரதா லேடீஸ் யூனியன் 1927ல் நடத்தத் தொடங்கிய சாரதா வித்யாலயம் 1938ல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் அது இன்றும் நடக்கிறது. ஓய்வு பெற்றபின் 1942ல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். சிறு வயதில் படிப்பை விட்ட வளர்ந்த பெண்கள், பாதியில் நின்ற பாடத்தை மீண்டும் எடுத்துப் படிப்பதற்கான பள்ளி அது. 1952 முதல் 1956 வரை சட்ட மேலவையில் நியமன உறுப்பினர். 1954ல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம். மயிலாப்பூர் லேடீஸ் கிளப்பின் தலைவராக இருந்து 1956ல் அவர் அமைத்த பள்ளிச் சங்கம்தான் வித்யா மந்திர் பள்ளிக்கு வித்து. அப்போது அவருக்கு எழுபது வயது. 1958ல் பத்மஸ்ரீ வந்தது.

வேலைப் பட்டியல் நீளம்தான். ஆனால் அந்த வீட்டின் அடுத்த தலைமுறையைப் பார்த்தால்தான் என்ன மாறியது என்று கைமேல் தெரியும். சுப்புலட்சுமியின் தங்கை மகள் லலிதா. 1910ல் பிறந்தவர். அவருக்குச் சுப்புலட்சுமி பெரியம்மா. பெரியம்மா படித்த அதே மாநிலக் கல்லூரியில் லலிதா இயற்பியல் படித்தார். ஒரு வகுப்பு முன்னால் படித்துக்கொண்டிருந்தவர் எஸ். சந்திரசேகர். இருவரும் பழகினார்கள், கடல் கடந்து கடிதம் எழுதிக்கொண்டார்கள், 1936ல் மணந்துகொண்டார்கள். அப்போது லலிதாவுக்கு இருபத்தைந்து வயது. யாரை, எப்போது என்பது அவருடைய முடிவு. சந்திரசேகருக்கு 1983ல் நோபல் பரிசு கிடைத்தது. லலிதா 2013ல், 102 வயதில், சிக்காகோவில் காலமானார். பெரியம்மாவின் கல்யாணத்துக்கும் தங்கை மகளின் கல்யாணத்துக்கும் இடையே நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. ஒரு குடும்பத்துக்குள் ஒரு தலைமுறையில் நடந்த மாற்றம் இது.

இவ்வளவும் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. மோனிகா ஃபெல்டன் இங்கிலாந்தில் நகரத் திட்டமிடல் துறையில் பெயர் பெற்றவர். கொரியப் போரின்போது 1951ல் வட கொரியாவுக்குப் போய்வந்ததால் சொந்த நாட்டில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தவர். பின்னர் சென்னைக்கு வந்து தங்கினார். ராஜாஜியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முதுமையில் இருந்த சுப்புலட்சுமியைச் சந்தித்து, நினைவுகளைக் கேட்டு எழுதி, 1966ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். எழுத்தாளர் அநுத்தமா அந்த வாழ்க்கையைத் தமிழில் தந்தார். அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டையும் சித்தியையும் கான்வென்ட் வகுப்பையும் அந்த மூதாட்டியின் வாய்மொழியாகவே கேட்டு வைக்க ஒருவர் வந்தது பெரிய பேறு. 1969 டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி அன்று சுப்புலட்சுமி காலமானார். அடுத்த ஆண்டே ஃபெல்டனும் சென்னையில் மறைந்தார். அந்த உரையாடல் சில ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தால் சித்தி வாலாம்பாள் நமக்கு வெறும் ஒரு பெயராகக்கூடக் கிடைத்திருக்க மாட்டார்.

ஆனால் ஐஸ் ஹவுஸில் படித்து ஜில்லாக்களுக்குப் போன மற்றப் பெண்களைத் தேடி எந்த ஃபெல்டனும் வரவில்லை. அவர்களில் பலர் ஊர் ஊராக மாற்றலாகி, பெண்கள் பள்ளிகளில் பாடம் நடத்தி, ஓய்வு பெற்று, அண்ணன் தம்பி பிள்ளைகளின் வீடுகளில் ‘டீச்சர் அத்தை’யாக, ‘டீச்சர் பாட்டி’யாக முதுமையைக் கழித்தார்கள். அவர்களுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லாததால் பெயரைச் சொல்லவும் ஆள் இல்லை. வம்சாவளி எழுதும்போது இந்த அத்தைகள் ஓரத்தில் ஒற்றைக் கோடாக நின்றுவிடுகிறார்கள்.

தேடினால் தடம் கிடைக்கும். பழைய பெண்கள் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, சர்வீஸ் ரெஜிஸ்டர், ஆய்வாளர் குறிப்புகள், ஓய்வூதியத் தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள், வகுப்புக் குழுப் படங்கள் எல்லாம் இன்னும் பல ஊர்களில் அலமாரியில் கிடக்கின்றன. வீட்டுப் பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிகளில் பயிற்சிச் சான்றிதழ்களும் பழைய கடிதங்களும் இருக்கின்றன. அந்த அத்தைகளிடம் பாடம் படித்தவர்களில் சிலர் தொண்ணூறைத் தாண்டிய வயதில் இன்னும் இருக்கிறார்கள். எந்த டீச்சர், எந்த ஊர்க்காரர், எந்த வயதில் இல்லத்துக்கு வந்தார், யார் கொண்டுவந்து விட்டார்கள், முதல் சம்பளத்தில் யாருக்கு என்ன வாங்கினார் என்று அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதவேண்டும். பெயர், ஊர், ஆண்டு இந்த மூன்றும் சேர்ந்தாலே அடுத்த தாளைத் தேடுவதற்கு வழி பிறக்கும். பள்ளிகள் அந்தப் பதிவேடுகளைப் பழைய காகிதக்காரருக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால் இந்த வேலை தொடங்கவேண்டும்.